‘எதுவும் கிடைக்கவில்லை’ என்னும் விடையை நம்பலாமா? தனித்தொகுப்பு பேணும் தமிழ் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பிற நாடுகளிலும் தத்தம் கணினிகளிலும் வெளி வன்தட்டுகளிலும் நூல்கள், இதழ்கள், கட்டுரைகள், கல்வெட்டுப் பாடங்கள், கடிதங்களின் ஒளிப்படங்கள் என ஆயிரக்கணக்கான கோப்புகளைச் சேர்த்துப் பேணிவரும் ஆய்வாளர்கள், ஆசிரியர்கள், பதிப்பாளர்கள், நூற்சேகரிப்பாளர்கள் ஆகிய அனைவரையும் நோக்கி இம்மடல் எழுதப்படுகிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2005இல் உருவான ஈழத்து ‘நூலகம்’, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகியவற்றின் வழியே, முன்பு ஒரு நூலுக்காக ஊர் ஊராக அலைய வேண்டியிருந்த ஆய்வாளரின் மேசைக்கே இன்று ஒரு சிறு நூலகம் வந்து சேர்ந்துவிட்டது. சேர்ப்பது எளிதாகியிருக்கிறது, சேர்த்தவற்றுள் வேண்டிய ஒரு வரியைத் தவறாமல் கண்டெடுப்பது இன்னும் கடினமாகவே இருக்கிறது. அதற்கு உதவும் மேசைக்கணினித் தேடல் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறைபற்றியே இங்கு பேசப்படுகிறது.

இத்தகைய மென்பொருளைத் தேடுவோர் பெரும்பாலும் வேகம், திரையமைப்பு, விலை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு முடிவெடுக்கின்றனர். இம்மடல் முன்வைக்கும் அளவுகோல் வேறு. ஒரு சொல்லை இட்டுத் தேடியபின் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று மென்பொருள் சொன்னால், அச்சொல் தொகுப்பில் உண்மையாகவே இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியுமா என்பதே அது. தகவல் மீட்பியல் என்னும் துறை தேடலின் தரத்தை இரு அளவுகளால் கணிக்கிறது: காட்டப்பட்டவற்றுள் பொருத்தமானவை எத்தனை என்பது துல்லியம், தொகுப்பில் உள்ள பொருத்தமானவை அனைத்திலும் காட்டப்பட்டவை எத்தனை என்பது மீட்சி. துல்லியம் குறைந்தால் வேண்டாதவை கண்முன் குவிவதால் பயனர் உடனே உணர்ந்துகொள்வார். மீட்சி குறைந்தாலோ அதை உணர்த்தும் அறிகுறி எதுவும் திரையில் தோன்றாது. ஓர் ஆய்வுக் கட்டுரையில் ‘இச்சொல்லாட்சி 19ஆம் நூற்றாண்டு உரைநடையில் காணப்படவில்லை’ என்று எழுதப்படும்போது, அவ்வரிக்கு அடிப்படை பல நேரங்களில் ஒரு தேடல் பெட்டியின் மௌனம் மட்டுமே. அந்த மௌனம் எங்கிருந்து வருகிறது என்று ஆராயாமல் அதன்மேல் முடிவுகளைக் கட்டுவது ஆய்வுக்குச் செய்யும் பெருந்தீங்கு.

தேடல் மென்பொருள்கள் இயங்கும் விதத்தைப் புரிந்துகொள்ளத் தமிழாய்வாளருக்கு வெளியிலிருந்து உவமை தேவையில்லை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவைப் புரட்டியவர்கள் அம்முறையை முன்பே அறிவர். நூல்களை ஒவ்வொன்றாக வாசித்து, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த இடத்தில் வருகிறது என்று குறித்து, சொற்களை அகரவரிசையில் அடுக்கிவிட்டால், பின்னர் ஒரு சொல்லைத் தேட நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. அடைவில் ஒரு வரியைப் பார்த்தாலே போதும். கணினியும் இதையே செய்கிறது. கோப்புகளை ஒருமுறை வாசித்துச் சொல்லடைவைக் கட்டி வைத்துக்கொண்டு, பின்னர் அவ்வடைவையே பார்த்து நொடிப்பொழுதில் விடையளிக்கிறது. ஆகவே அடைவு கட்டும்போது வாசிக்கப்படாத கோப்பும், தவறாகப் பிரிக்கப்பட்ட சொல்லும், எவ்வளவு விரைவான மென்பொருளாயினும் பின்னர் ஒருபோதும் அகப்படுவதில்லை.

எல்லாத் தேடல் மென்பொருள்களும் இம்முறையில் இயங்குபவை அல்ல. விண்டோஸில் பரவலாகப் பயன்படும் ‘எவ்ரிதிங்’ கோப்பின் பெயரை மட்டுமே அடைவாக்குகிறது. என்டிஎஃப்எஸ் வட்டின் கோப்பு அட்டவணையையே நேரடியாக வாசித்துவிடுவதால் இலட்சக்கணக்கான கோப்புகளின் பெயர்களையும் தட்டச்சு செய்யும் வேகத்திலேயே வடிகட்டிக் காட்டுகிறது. கோப்பின் உள்ளே தேடவும் அதில் ஒரு கட்டளை உண்டெனினும், இயல்பான அமைப்பில் அது ஒவ்வொரு கோப்பையும் அப்போதே திறந்து பார்ப்பதால் பெருந்தொகுப்புக்கு உதவாது. உள்ளடக்கத்தை அடைவாக்குபவற்றுள் டாக்ஃபெட்சர், ரீகால் ஆகிய இரண்டும் திறமூல மென்பொருள்கள்; முன்னது லூசீன் என்னும் தேடுபொறி நிரலகத்தையும் பின்னது ஸேப்பியன் என்னும் நிரலகத்தையும் அடித்தளமாகக் கொண்டவை. டிடிசர்ச், காப்பர்னிக், எக்ஸ்1 ஆகியவை விலைக்குக் கிடைப்பவை. விண்டோஸுடன் வரும் தேடலும், 2005இல் மேக் கணினியில் அறிமுகமான ஸ்பாட்லைட்டும் அடைவுமுறையினவே. மூன்றாவதாக, அடைவே கட்டாமல் ஒவ்வொரு முறையும் கோப்புகளை முதலிலிருந்து இறுதிவரை வாசித்துத் தேடும் கிரெப், ரிப்கிரெப், ஏஜென்ட் ரான்சாக் போன்ற கருவிகள் உள்ளன. இவற்றைப் பழையமுறை என்று ஒதுக்குவோர் பலர். தமிழ்த் தொகுப்புக்கு அவை எவ்வளவு இன்றியமையாதவை என்பது பின்னர் விளங்கும்.

தேர்வில் இறங்குமுன் தொகுப்பின் உள்ளே இருப்பது என்ன என்பதை அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இம்மடலின் முதன்மையான வேண்டுகோள். திரையில் தமிழாகத் தெரிவதெல்லாம் கணினிக்குத் தமிழ் அன்று. ஒருங்குறி எனப்படும் யூனிகோடு பரவலாவதற்கு முன் தட்டச்சு செய்யப்பட்ட கோப்புகள் திஸ்கி, டாப், டாம், பாமினி முதலிய பல குறியாக்கங்களில் உள்ளன. குறியாக்கம் என்பது எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுக்கும் ஏற்பாடு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டையொட்டி டாம், டாப் ஆகியவை அரசுத் தரமாயின; 2010இல் ஒருங்குறியையும் டேஸ்16 என்னும் குறியாக்கத்தையும் தமிழக அரசு தரமாக ஏற்றது. இடைப்பட்ட காலத்திலும் அதற்கு முன்னும் உருவான ஆய்வேடுகள், நூல் வரைவுகள், இதழ்ப் படிகள் ஆகியவற்றுள் பெரும்பகுதி இன்றும் பழைய குறியாக்கத்திலேயே கிடக்கின்றன.

இதன் விளைவை ஒரு சொல்லைக் கொண்டே காணலாம். இலங்கையில் மிகுதியாக வழங்கிய பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று தட்டச்சு செய்தால், கோப்பில் பதிவாவது எம், கே, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகள். அவற்றுக்கு மேலே எழுத்துரு தமிழ் உருவங்களைப் போர்த்துகிறது; அவ்வளவே. தேடல் மென்பொருளுக்கு உருவம் தெரியாது, குறி மட்டுமே தெரியும். அரைப்புள்ளியை அது நிறுத்தக்குறியாகக் கருதிச் சொல்லை அங்கே வெட்டுவதால், ‘அம்மா’ என்னும் ஒரு சொல் எம்-கே, கே-எச் என்னும் பொருளற்ற இரு துண்டுகளாக அடைவில் ஏறுகிறது. தமிழில் புள்ளிபெறும் மெய் ஒன்றேனும் இல்லாத வரி அரிது. ஆகவே அந்தக் கோப்பின் ஏறத்தாழ ஒவ்வொரு வரியும் இவ்வாறே சிதைகிறது. இதனினும் நுண்ணிய கேடு ஒன்றுண்டு. பாமினியில் ஆங்கிலச் சிறிய எழுத்து எஃப் என்பது ‘க’. பெரிய எழுத்து எஃப் என்பது ‘கு’. அடைவு கட்டும் மென்பொருள்கள் ஆங்கிலத்தின் வழக்கப்படி பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டை நீக்கிவிடுவதால், க, கு இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பாமினிக் குறிகளையே தட்டச்சு செய்து தேடிப் பார்க்கலாம் என்று எண்ணும் ஆய்வாளரும் இங்கே தோற்றுப்போகிறார்.

இதற்குத் தேடல் மென்பொருளில் தீர்வு இல்லை. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற குறியாக்க மாற்றிகளைக் கொண்டு கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே அடைவு கட்ட வேண்டும். ஆங்கிலச் சொற்களும் கலந்த கட்டுரைகளில், மாற்றி அந்த ஆங்கிலத்தையும் தமிழாகத் திரித்துவிடும் என்பதால், வேர்டு கோப்புகளில் எழுத்துருவின் பெயரைப் பார்த்துப் பகுதி பகுதியாக மாற்றுவது நன்று. மூலக் கோப்பை அழிக்காமல், மாற்றிய படியைத் தனிக் கோப்புறையில் வைத்தல் கட்டாயம். பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் அமைக்கப்பட்ட கோப்புகளோ இன்னும் அவசரமானவை. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வெளிவந்தது. அக்கோப்புகளைத் திறக்கக்கூடிய கணினிகள் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றன. பொதுவான தேடல் மென்பொருள் எதுவும் அவற்றின் உள்ளே நுழைவதில்லை. பதிப்பாளர்கள் தங்கள் அலமாரியில் உள்ள பேஜ்மேக்கர் குறுவட்டுகளை, திறக்க இயலும் நாளிலேயே திறந்து உரையாகவும் பிடிஎஃப் ஆகவும் எடுத்து வைக்க வேண்டுமென மிகுந்த கவலையோடு வேண்டப்படுகிறது.

பிடிஎஃப் கோப்புகள் தனியே கவனத்துக்குரியவை, ஏனெனில் பெரும்பாலான தனித்தொகுப்புகளில் அவையே மிகுதி. பிடிஎஃப் என்பது அடிப்படையில் எந்த உருவத்தைத் தாளின் எந்த இடத்தில் வரைய வேண்டும் என்னும் கட்டளைகளின் தொகுப்பு; அவ்வுருவம் எந்த எழுத்து என்பதைச் சொல்லும் அட்டவணை ஒன்று அதனுள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அட்டவணை இல்லாத கோப்பு கண்ணுக்கு அழகாகத் தெரியும். தேடலுக்கு வெறும் குப்பை. அட்டவணை இருந்தாலும், ‘கெ’, ‘கே’, ‘கை’ போன்றவற்றில் இடப்பக்கம் நிற்கும் கொம்பு முதலில் வரையப்படுவதால், உரையாக எடுக்கும்போது கொம்பு மெய்க்கு முன்னே வந்து சொல் குலைவதுண்டு. இதைக் கண்டறிய வழி மிக எளிது: கோப்பில் ஒரு பத்தியைத் தெரிவுசெய்து, படியெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் போதும். அங்கே என்ன தெரிகிறதோ அதுவே தேடல் மென்பொருளுக்குத் தெரிவதும்.

வருடி கொண்டு எடுக்கப்பட்ட பழைய நூல்களின் பிடிஎஃப்களில் எழுத்தே இல்லை. உள்ளது படம் மட்டுமே. படத்திலிருந்து எழுத்தைப் பெயர்த்தெடுக்கும் எழுத்துணரி (ஓசிஆர்) மென்பொருளுள் இலவசமாகக் கிடைப்பது டெசராக்ட். ஹியூலட்-பேக்கர்டு நிறுவனத்தில் 1985க்கும் 1994க்கும் இடையே உருவாகி 2005இல் திறமூலமாக்கப்பட்ட இந்நிரல், 2018இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து நரம்பணு வலையமைப்பைக் கொண்டு இயங்குகிறது. தமிழுக்கான பயிற்சித் தரவும் அதற்குண்டு. ஓசிஆர்மைபிடிஎஃப் என்னும் மற்றொரு நிரல், டெசராக்ட் எடுத்த உரையைப் படத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத அடுக்காகச் சேர்த்துவிடுவதால், பக்கத்தின் தோற்றம் மாறாமலே கோப்பு தேடலுக்கு உரியதாகிறது. ஆயினும் 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, னை, ணா, றா, னா முதலியவை வேறு உருவம் உடையவை. இக்கால உருவங்களில் பழகிய எழுத்துணரி அவற்றில் தடுமாறுகிறது. துணைக்காலை ‘ர’ என்று வாசிப்பது எந்தக் காலத்து அச்சிலும் நிகழ்வது.

பிழையின் அளவை ஒரு கணக்கால் உணரலாம். பக்கத்துக்கு 1,500 குறிகள் எனவும், அவற்றுள் நூற்றுக்கு 98 சரியாக உணரப்பட்டன எனவும் கொண்டால், ஒரு பக்கத்தில் 30 பிழைகள் இருக்கும். பிழைகள் பரவலாக அமைந்தன எனில், ஆறு குறிகள் கொண்ட ஒரு சொல் முழுமையும் பிழையின்றி அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 89 விழுக்காடு. அதாவது அச்சொல் வரும் நூறு இடங்களில் பதினோரிடங்கள் தேடலில் அகப்படாமல் போகும். 98 விழுக்காடு என்பது நல்ல எழுத்துணர்வு என்று கருதப்படும் நிலையிலேயே இவ்வளவு இழப்பு. எனவே வருடப்பட்ட நூல்கள் மிகுந்த தொகுப்பை உடையவர், ஓரிரு குறிகள் மாறியிருந்தாலும் ஒத்த சொல்லெனக் கொள்ளும் நெகிழ்தேடல் வசதி உள்ள மென்பொருளையே தேர்ந்தெடுக்க வேண்டும். டாக்ஃபெட்சர், டிடிசர்ச் ஆகிய இரண்டிலும் அவ்வசதி உண்டு.

முறையாக ஒருங்குறியில் தட்டச்சு செய்யப்பட்ட உரையும் முழுப் பாதுகாப்பு அன்று. ‘கொற்கை’ என்னும் சொல்லின் முதலெழுத்தைக் ககரத்தோடு ‘ொ’ என்னும் ஒரே குறியைச் சேர்த்தும் எழுதலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என மூன்று குறிகளாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று ஒருங்குறித் தரம் வரையறுத்துள்ளது. ஆனால் அவ்வரையறையைப் பின்பற்றி இரண்டையும் ஒருவடிவாக்கும் பணியை, அதாவது இயல்பாக்கத்தை, மென்பொருள் செய்திருக்க வேண்டும். செய்யாத மென்பொருளுக்கு அவை இரு வேறு ஊர்கள். ‘ஔவையார்’ என்பதன் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஔகாரத்தை ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு ‘ஒளவையார்’ என்று தட்டச்சு செய்தவர் பலர். தாளில் வேறுபாடு தெரிவதில்லை. இது இயல்பாக்கத்தாலும் தீராது, ஏனெனில் ஒருங்குறியின் பார்வையில் இது எழுத்துப் பிழை. ‘ஸ்ரீ’ என்பதும் ஸகரத்தைக் கொண்டு ஒருவிதமாகவும், 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரத்தைக் கொண்டு வேறுவிதமாகவும் கோப்புகளில் காணப்படுகிறது. வைணவ நூல்களைத் தேடுவோர் இரண்டையும் இட்டுப் பார்க்காமல் அமைதி கொள்ளலாகாது.

அடுத்தது சொற்பிரிப்பு. ஆங்கிலத்தை மட்டுமே மனத்திற்கொண்டு எழுதப்பட்ட நிரல்கள், எழுத்து என்னும் வகையில் அடங்கும் குறிகளையே சொல்லின் பகுதியாகக் கொள்கின்றன. ஒருங்குறியில் தமிழின் புள்ளியும் உயிர்க்குறிகளும் எழுத்து என்னும் வகையில் இல்லை. சேர்குறி என்னும் வகையில் உள்ளன. இதனால் சில நிரல்கள் உயிர்க்குறி வரும் இடந்தோறும் சொல்லை வெட்டிவிடுகின்றன. வேறு சில, ஐரோப்பிய மொழிகளின் ஒலிக்குறிகளை நீக்குவதுபோலத் தமிழின் புள்ளியையும் நீக்கிவிடும் அபாயம் உண்டு. ‘கல்’ என்று தேடும்போது ‘கல’ என்பதும் ஒத்ததாகக் காட்டப்பட்டால், அல்லது ‘பட்டினம்’ என்று தேடும்போது தனித்த டகரங்கள் வண்ணமிட்டுக் காட்டப்பட்டால், அந்த மென்பொருளை அத்தோடு விட்டுவிடலாம்.

தமிழின் சொல்லமைப்பு தரும் சிக்கல் இவற்றுக்கெல்லாம் மேற்பட்டது. வேற்றுமை உருபும் சாரியையும் பன்மை ஈறும் சொல்லோடு ஒட்டியே எழுதப்படும் மொழியில், ‘கல்வெட்டு’ என்று தேடுபவருக்குக் கல்வெட்டில், கல்வெட்டின், கல்வெட்டால் ஆகியவையும் வேண்டும். சொல்லின் இறுதியில் உடுக்குறி இட்டு, அதன்பின் எதுவரினும் ஏற்கச் செய்யும் முறை பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. அதைப் பயன்படுத்துவோர் எழுத்தை விட்டுக் குறியை நினைக்க வேண்டும். ‘டு’ என்பது கணினிக்கு டகரமும் உகரக்குறியும். ஆகவே ‘கல்வெட்டு’ என்பதன் பின் உடுக்குறி இட்டால் ‘கல்வெட்டில்’ அகப்படாது. உகரக்குறியை நீக்கி ‘கல்வெட்ட’ என்று நிறுத்தி உடுக்குறி இட்டால் எல்லா வடிவங்களும் அகப்படும். ‘மரம்’ என்பதற்கு இதுவும் போதாது. மரத்தில், மரங்கள், மரமும் ஆகியவை ‘மர’ என்னும் பகுதியில் மட்டுமே ஒன்றுபடுகின்றன, அதை இட்டாலோ மரபும் மரணமும் உடன் வந்து குவியும். இங்கே ‘மரத்த’, ‘மரங்க’, ‘மரம’ எனத் தனித்தனியே தேடுவதே முறை. அடிச்சொல்லைத் தானே கண்டறியும் விதிகள் ஸ்னோபால் என்னும் நிரலகத்தில் தமிழுக்கும் எழுதப்பட்டுள்ளன. ஆயினும் புணர்ச்சியின் விரிவையெல்லாம் அவ்விதிகள் தாங்கும் என்று எண்ணி, கைவழித் தேடலைக் கைவிடுவது பொருந்தாது.

புணர்ச்சியால் முன்னே வேறு சொல் ஒட்டிக்கொள்ளும் நிலையில் சிக்கல் முற்றுகிறது. ‘சோழர்கல்வெட்டு’ என்று சேர்த்து எழுதப்பட்டதை, அகரவரிசையில் அமைந்த அடைவில் ககரத்தின்கீழ் தேடிப் பயனில்லை. அகராதியில் ‘வெட்டு’ என்று முடியும் சொற்களையெல்லாம் எடுக்க முனைவோர் அகராதி முழுவதையும் புரட்ட வேண்டியிருப்பது போன்றதே இது. சொல்லின் தொடக்கத்தில் உடுக்குறி இடுவதைச் சில மென்பொருள்கள் ஏற்பதில்லை. ஏற்பவையும் வேகம் குன்றுகின்றன. அடைவின்றித் தேடும் கருவிகளின் அருமை இங்கேதான் தெரிகிறது. ரிப்கிரெப் இயல்பான அமைப்பில் சொல் என்னும் எல்லையைக் கருதுவதில்லை. கொடுத்த குறித்தொடர் கோப்பில் எங்கே வந்தாலும், சொல்லின் நடுவே வந்தாலும், எடுத்துக்காட்டுகிறது. ‘ஔவை’, ‘ஒளவை’ இரண்டையும் ஒரே கட்டளையில் தேடச் செய்யும் வடிவக்கோவை வசதியும் அதில் உண்டு.

அக்கருவி படங்களையும் வேர்டு கோப்புகளையும் வாசிக்காது, வெற்றுரையையே வாசிக்கும் என்பது உண்மை. அக்குறையை நீக்க, தொகுப்பில் உள்ள ஒவ்வொரு நூலுக்கும் ஓர் உரைப்படியை அதே பெயரில் அருகே வைத்துக்கொள்ளும் வழக்கம் வலியுறுத்திப் பரிந்துரைக்கப்படுகிறது. ஒருங்குறியின் யுடிஎஃப்-8 வடிவில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளும். பக்கத்துக்கு 1,500 குறிகள் வீதம் 300 பக்க நூலொன்றின் உரை 1.35 மெகாபைட்டில் அடங்கிவிடும். அதே நூலின் வருடிய படக்கோப்பு 50 மெகாபைட்டைத் தாண்டுவது இயல்பு. பத்தாயிரம் நூல்களின் உரையெல்லாம் 13.5 கிகாபைட்டே, இன்றைய கணினிக்கு அது பெரும் சுமை அன்று. உரைப்படிகளை ஒருமுறை இயல்பாக்கம் செய்து வைத்துவிட்டால், கொற்கை ஒரே கொற்கையாக நிற்கும்.

இவற்றையெல்லாம் கருதிய பின் தேர்வு அவ்வளவு கடினமானதன்று. விண்டோஸ் பயன்படுத்துவோர் பெயர்வழித் தேடலுக்கு எவ்ரிதிங்கையும், உள்ளடக்கத்துக்கு டாக்ஃபெட்சரையும், உறுதிப்படுத்தலுக்கு உரைப்படிகளின்மேல் ரிப்கிரெப் அல்லது ஏஜென்ட் ரான்சாக்கையும் வைத்துக்கொள்வது பெரும்பாலோர்க்குப் போதுமானது. டாக்ஃபெட்சரின் கையடக்கப் பதிப்பைக் கோப்புகளோடும் அடைவோடும் ஒரே வெளி வன்தட்டில் வைத்து எந்தக் கணினிக்கும் எடுத்துச் செல்லலாம் என்பது, நூலகத்துக்கும் வீட்டுக்கும் இடையே அலையும் ஆய்வாளருக்குப் பெரும் வசதி. லினக்ஸ் பயன்படுத்துவோர்க்கு ரீகாலே முதற்பரிந்துரை: டெசராக்டை நேரடியாக இணைத்துக்கொள்ளும் திறமும், எந்தத் துணைநிரல் இல்லாததால் எவ்வகைக் கோப்பு வாசிக்கப்படவில்லை என்று பட்டியலிடும் நேர்மையும் அதற்குண்டு. விலை கொடுக்க இயலும் நிறுவனங்களுக்கு டிடிசர்ச் ஏற்றது. படம் மட்டுமே கொண்ட பிடிஎஃப்களைத் தன் பதிவேட்டில் குறித்துக் காட்டுவதே அதன் தனிச்சிறப்பு. வாசிக்க முடியாதவற்றை அறிவிக்கும் இத்தகைய வசதி இல்லாத எந்த மென்பொருளையும் ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கலாகாது என்பதில் இம்மடலுக்கு ஐயமில்லை. விண்டோஸின் உள்ளமைந்த தேடலை மட்டும் நம்புவோர், அது இயல்பாகப் பயனரின் சில கோப்புறைகளையே அடைவாக்குகிறது என்பதையும், வெளி வன்தட்டில் உள்ளவற்றைத் தாமே சேர்த்தாலன்றி அவற்றின் உள்ளே தேடாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

அடைவு என்பது தொகுப்பின் இன்னொரு படி என்பதையும் மறக்கலாகாது. கூகுள் டெஸ்க்டாப் என்னும் தேடல் மென்பொருள் 2004 அக்டோபரில் வெளிவந்து பலரின் கணினிகளில் இடம்பெற்றது. பல கணினிகளுக்கிடையே தேடும் வசதியை அது 2006இல் சேர்த்தபோது, பயனரின் கோப்புகளில் உள்ள உரை நிறுவனத்தின் வழங்கியில் சேமிக்கப்படும் என்பதால், எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன் என்னும் இணைய உரிமை அமைப்பு அதைப் பயன்படுத்த வேண்டாமென எச்சரித்தது. 2011இல் அந்த மென்பொருளே நிறுத்தப்பட்டது. பிறர் நம்பி ஒப்படைத்த கடிதங்கள், நேர்காணல்கள், கள ஆய்வுக் குறிப்புகள் ஆகியவற்றைத் தொகுப்பில் வைத்திருப்போர், அடைவு எங்கே சேமிக்கப்படுகிறது என்று அறிந்து, மூலத்தை மறைகுறியாக்கி வைத்திருந்தால் அடைவையும் அவ்வாறே வைக்க வேண்டும். மூலம் பூட்டிய பேழையிலும் அதன் சொற்களெல்லாம் திறந்த மேசையிலும் இருப்பது பாதுகாப்பு ஆகாது.

எந்த மென்பொருளாயினும் முழுத்தொகுப்பையும் ஒப்படைக்குமுன் ஒரு சிறு சோதனை நடத்தப்பட வேண்டும். உள்ளடக்கம் நன்கு தெரிந்த பத்துக் கோப்புகளை ஒரு தனிக் கோப்புறையில் இடுக: ஒருங்குறி வேர்டு கோப்பு, பழைய குறியாக்கத்திலிருந்து மாற்றிய கோப்பு, அச்சகத்திலிருந்து வந்த பிடிஎஃப், எழுத்துணரிக்கு உட்படுத்திய 1950களின் நூல், மின்னூல், சுருக்கப்பட்ட ஜிப் கோப்பு எனக் கலந்தவையாக அவை இருக்கட்டும். பின்னர் அவற்றுள் உண்டென்று கண்ணால் கண்ட இருபது சொற்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தேடி, அகப்படாதவற்றுக்கு எதிரே கோடிடுக. ‘கொற்கை’, ‘ஔவையார்’, ‘ஸ்ரீ’, ‘கல்’ ஆகியவற்றோடு, பழைய ‘லை’ வரும் ஒரு சொல்லும், புணர்ந்து நிற்கும் ஒரு தொடரும் அப்பட்டியலில் இருத்தல் நன்று. ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை இது. தாளில் விழும் கோடுகள் மென்பொருளின் குறையைக் காட்டுவதோடு, தொகுப்பில் எந்தப் பகுதி இன்னும் உரையாக்கப்படவில்லை என்பதையும் காட்டிவிடும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். சொல்வழக்கு, பாடவேறுபாடு, முதற்பயன்பாடு ஆகியவைபற்றித் தனித்தொகுப்பில் தேடி முடிவு கூறும் கட்டுரைகளில், தேடப்பட்ட தொகுப்பின் அளவு, அதில் எழுத்துணரியால் உரையாக்கப்பட்ட நூல்களின் பங்கு, பயன்படுத்திய மென்பொருள், தேடலுக்கு இட்ட சொல்வடிவங்கள் ஆகிய நான்கையும் ஓர் அடிக்குறிப்பில் தருவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். அக்குறிப்பு இருந்தால், பின்வரும் ஆய்வாளர் ஒருவர் விடுபட்ட வடிவத்தை இட்டு மீண்டும் தேடவும், ‘இல்லை’ என்று எழுதப்பட்ட ஒன்றைக் கண்டெடுக்கவும் இயலும்.

இங்ஙனம்,
தமிழ்த் தொகுப்புகளின்மேல் அக்கறையுள்ள ஒரு வாசகர்